டிவி ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர்: என் மாமியார் மெனுவைத் தொடாமல் மாறிக்கொள்ள வழி உண்டா?

காவிரிக்கரை மருமகள் (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் தம்மாமில் வேலை பார்க்கிறார். சென்ற விடுமுறைக்கு வந்தவர் ஒரு ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர் எல்லாம் வாங்கிக் கூடத்தில் பொருத்தினார். சண்டைப் படம் ஒன்றைப் போட்டு, அலமாரிக் கண்ணாடி அதிர்வதைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு விமானம் ஏறிவிட்டார். அதை வைத்துக் குடும்பம் நடத்துவது என் பாடாகிவிட்டது.

வீட்டில் நான், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய மாமியார். மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை அத்தையின் தொடர்கள். அதற்கு டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும் என்பது அவர் கட்சி. "கதாநாயகி முன்னால் அழுகிறாள், வயலின் என் முதுகுக்குப் பின்னால் வாசிக்கிறது, எனக்கு இது வேண்டாம்" என்கிறார். மகனுக்குச் சனி, ஞாயிறு படமும் கிரிக்கெட்டும் பெரிய சத்தத்தில்தான் வேண்டும். இருவர் சொல்வதும் நியாயம்தான்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு ஓர் ஆப்டிகல் கேபிள் போகிறது. செட்டாப் பாக்ஸ் நேராக டிவியில் இருக்கிறது. சத்தத்தை மாற்ற வேண்டுமானால் டிவி ரிமோட்டில் அமைப்புகள், பிறகு சவுண்ட், பிறகு சவுண்ட் அவுட்புட், அதற்குள் ஒரு பட்டியல் என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் ஆங்கிலம், எழுத்தும் பொடி. மகன் ஞாயிறு இரவு படம் பார்த்துவிட்டு மாற்றி வைக்காமல் படுத்துவிட்டால், திங்கள் மாலை அத்தைக்குப் படம் வரும், பேச்சு வராது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறேன். அந்த நேரத்தில் பேருந்தில் நின்றுகொண்டிருப்பேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் மெனு சொல்லிக்கொடுக்கும் கொடுமையை வேறு யாரும் அனுபவித்திருக்கிறீர்களா?

இன்னொன்று. மின்சாரம் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடுகிறது. ரிசீவரை இன்வெர்ட்டரில் சேர்க்கவில்லை. மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஆட்டம் ஊமையாக நடக்கிறது.

கணவரைக் கேட்டால் "மெனுவில் மாற்று, இதில் என்ன இருக்கிறது" என்கிறார். நானும் அத்தையும் மெனுவுக்குள் போகக் கூடாது. அப்படி ஒரு வழி வேண்டும்.

ஈயப்பற்று

சகோதரி, நான் மன்னார்குடியில் டிவி பழுது பார்ப்பவன். உங்கள் வீட்டுக் கதையை எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோளாறு உங்கள் மகனிடமும் இல்லை, மெனுவிலும் இல்லை. அந்த ஆப்டிகல் கேபிளின் இயல்பே அப்படி.

சிடி பிளேயரை இணைப்பதற்காக 1983இல் தோஷிபா கொண்டுவந்த ஏற்பாடு அது. சிவப்பு ஒளி ஒரு பக்கமாக மட்டும் போகும். மறுமுனையில் ரிசீவர் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா, அதற்கு மின்சாரமாவது இருக்கிறதா என்பது டிவிக்குத் தெரியவே தெரியாது. வெளியே அனுப்பு என்று நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டால், கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். திங்கள்கிழமை ஊமை டிவிக்கும் மின்தடை ஊமைக்கும் காரணம் இது ஒன்றுதான்.

உங்களுக்கு வேண்டியது எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே சத்தத்தைத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. இது 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்தது. ரிசீவரின் பின்புறம் 'எச்.டி.எம்.ஐ. அவுட்' என்ற துளைக்கு அருகில் ஏ.ஆர்.சி. என்று அச்சிட்டிருக்கும். டிவியில் உள்ள துளைகளில் ஒன்றில் மட்டும் அதே எழுத்து இருக்கும். இந்த இரண்டையும் இணைக்க வேண்டும். வேறு துளையில் செருகினால் வேலை செய்யாது. கேபிள் கெட்டது என்று நினைத்துப் புதிது வாங்க ஓடாதீர்கள்.

அடுத்தது சி.இ.சி. எச்.டி.எம்.ஐ.யின் 13ஆம் முள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. டிவியும் ரிசீவரும் அதன் வழியாகத்தான் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிசீவரில் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. கண்ட்ரோல் என்று இருக்கும். இரண்டு பக்கமும் இயக்கிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இயக்கிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

அதன் பிறகு மெனுவே வேண்டாம். ரிசீவரை இயக்கினால் "இனி சத்தம் என் பொறுப்பு" என்று அது டிவிக்குச் சொல்லும், டிவி தன் வாயை மூடிக்கொள்ளும். ரிசீவரை அணைத்தால் சத்தம் தானாக டிவிக்குத் திரும்பும். இரண்டுக்கும் டிவி ரிமோட்டின் வால்யூம் பொத்தானே போதும். இரவு டிவியை அணைக்கும்போது ரிசீவரும் கூடவே அணைந்துவிடும். அதனால் மறுநாள் மாலை அத்தைக்கு டிவி ஸ்பீக்கர்தான் காத்திருக்கும். பெரிய சத்தம் வேண்டுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தட்டும், வேண்டாதவர் எதையும் தொட வேண்டாம்.

நாற்பது ஹெர்ட்ஸ்

மன்னார்குடி அண்ணன் சொல்வது புத்தகத்தில் சரி. சி.இ.சி.யை நம்பி நான் பட்டது போதும். யூடியூபில் ஒரு சமையல் குறிப்பைப் பார்க்க டிவியைப் போட்டால் ரிசீவர் கண் விழிக்கும். அணைத்தால் மறுபடி விழிக்கும். வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் அவற்றுக்குள் எப்போது ஒத்துப்போகும், எப்போது முறைத்துக்கொள்ளும் என்று ஜாதகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் யோசனை: ஆப்டிகலையே வைத்துக்கொள்ளுங்கள். சில டிவிகளில் 'டிவி ஸ்பீக்கர் + ஆப்டிகல்' என்று இரண்டும் சேர்ந்த தேர்வு இருக்கிறது. எல்ஜியின் வெப்ஓஎஸ் டிவிகளில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துவிட்டால் டிவி எப்போதும் பேசும். மகன் ரிசீவரைப் போடும்போது டிவியின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தால் முடிந்தது. குறைக்காமல் இரண்டையும் ஓடவிட்டால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இரட்டைக் குரல் கேட்கும், அது வேண்டாம்.

5.1 சத்தம் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) குறைந்துபோகும் என்ற பயமும் வேண்டாம். அந்தச் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். முறைகள் இரண்டும் ஆப்டிகலில் தாராளமாகப் போகும். ஓடிடியில் பரவலாக வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ், அதில் பொதிந்து வரும், தலைக்கு மேலிருந்தும் சத்தம் கேட்கச் செய்யும் அட்மாஸ் ஆகியவைதான் போகாது. ஐந்து ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அட்மாஸை நினைத்து ஏங்க வேண்டியதில்லை.

காவிரிக்கரை மருமகள்

இருவருக்கும் நன்றி. எங்கள் டிவியில் அந்தச் சேர்ந்த தேர்வு இல்லை. அதனால் ஈயப்பற்று அண்ணன் வழியில் இறங்கினேன்.

டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஏ.ஆர்.சி. துளையில் செட்டாப் பாக்ஸ் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிவிட்டு ரிசீவரை அங்கே செருகினேன். மகன் இரண்டு பக்கமும் மெனுவில் இயக்கினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவைத்து, காபி குடித்துவிட்டு வந்து மறுபடி செருகியபின் அண்ணன் சொன்னபடியே நடந்தது. ரிசீவரைப் போட்டால் அங்கே சத்தம், அணைத்தால் டிவியில் சத்தம். நான் கைதட்டியேவிட்டேன்.

மறுநாள் மாலை நாற்பது ஹெர்ட்ஸ் அவர்களின் வாக்கு பலித்தது. அத்தை டிவியைப் போட்டிருக்கிறார். ரிசீவர் தானாக விழித்திருக்கிறது, அதுவும் மகன் கிரிக்கெட் பார்த்த வால்யூமில். விளம்பரம் ஒன்று அலறியதில் அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் வரட்டும், பேசிக்கொள்கிறேன்" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். இதை எப்படி அடக்குவது?

ஈயப்பற்று

அடக்கிவிடலாம். டிவி சில நேரம் நேற்று எந்த வழியில் சத்தம் போனதோ அதையே நினைவில் வைத்துக்கொண்டு, இயக்கியதும் ரிசீவரை எழுப்பும். உங்கள் டிவியின் சி.இ.சி. பகுதிக்குள் 'சாதனங்களைத் தானாக இயக்கு', 'தானாக அணை' என்று தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அணைப்பது இருக்கட்டும், இயக்குவதை மட்டும் நிறுத்துங்கள். டிவியில் இல்லாவிட்டால் ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. பகுதியிலும் தேடுங்கள்.

அதோடு ரிசீவரின் வால்யூம் பகுதியில் இரண்டு அமைப்புகள் இருக்கும். ஒன்று, இயக்கும்போது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பது. மற்றொன்று, எதற்கு மேல் ஏறக் கூடாது என்பது. இரண்டையும் இன்றே அமையுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ரிசீவர் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இது. விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

மின்தடைக்கும் இதுவே மருந்து. ரிசீவரின் மின்சாரம் போனதும் பதில் வராததைக் கண்டு டிவி பெரும்பாலும் சில நொடியில் தன் ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும். ரிசீவர் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். அடுத்த முறை மின்சாரம் போகும்போது கவனித்தால் போதும், நம் ஊரில் அதிகம் காத்திருக்க வேண்டி வராது. ரிசீவரை இன்வெர்ட்டரில் சேர்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல ரீங்கரிக்கும். மின்கலமும் சீக்கிரம் தீரும்.

ரிட்சி தெரு ரங்கன்

நீங்கள் எல்லாரும் 13ஆம் முள்ளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊர்ச் சுவரில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருப்பதை மறந்துவிட்டீர்களே! வெளிநாட்டிலிருந்து வரும் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது, ஏனென்றால் பல நாடுகளில் பிளக் பலகையில் ஸ்விட்சே கிடையாது.

சுவர் ஸ்விட்சை அணைத்து வைத்த ரிசீவரை எந்த டிவியாலும் எழுப்ப முடியாது. மகன் படம் பார்க்கும்போது ஸ்விட்சைப் போடட்டும், ரிசீவரின் பொத்தானை அழுத்தட்டும். முடிந்ததும் முதலில் பொத்தானை அணைத்து, பிறகு ஸ்விட்சை அணைக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே ஸ்விட்சை அணைத்தால் சில ரிசீவரில் ஸ்பீக்கர் 'டப்' என்று உதைக்கும்.

ஏ.ஆர்.சி. இல்லாத ஏழைகளுக்கும் ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பது ரிட்சி தெருவில் உதிரி வாங்கி நானே கட்டிய 4440 ஐ.சி. ஆம்ப். அதில் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் மட்டும்தான். டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பி இழுத்திருக்கிறேன். முனையைச் செருகினால் டிவி ஸ்பீக்கர் மௌனம், ஆம்ப் பேசும். பிடுங்கினால் டிவி பேசும். பெரும்பாலான டிவிகளில் இது இப்படித்தான். என் பேத்திகூடப் பார்த்த அன்றே கற்றுக்கொண்டாள். ஹெட்ஃபோன் துளை இல்லாதவர்கள் ஆப்டிகலை ஆர்.சி.ஏ.வாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கலாம். ஆனால் டிவியில் டிஜிட்டல் ஆடியோவை பி.சி.எம். (சுருக்காத சாதாரணச் சத்தம்) என்று வைக்க வேண்டும். அந்த மலிவுப் பெட்டிகளுக்கு டால்பி புரியாது. ஒன்று இரைச்சல் வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது.

தஞ்சைத் தட்டு

குறுக்கே ஒரு கேள்வி. எல்லாரும் அத்தைக்கு ஹோம் தியேட்டர் வேண்டாம் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். அவர் வேண்டாம் என்றது முதுகுக்குப் பின்னால் கேட்கும் வயலினைத்தானே? அதை நிறுத்தலாமே.

இன்றைய மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் இருக்கிறது. சக்தியும் பெரும்பாலும் பக்கத்துக்குப் பத்து வாட். வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர் அதிர்வெண் கேட்கும் திறன். ச், ஸ், த் போன்ற மெய்யெழுத்துகளின் விளிம்பு அதில்தான் இருக்கிறது. அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறான் என்று புரியவில்லை" என்கிறார்கள். வால்யூமைக் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடும், பேச்சு தெளியாது.

உங்கள் ஐந்து ஸ்பீக்கரில் நடு ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து பெரும்பாலும் இரண்டு சேனல் சத்தமே வருகிறது என்பதால், ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது புரோலாஜிக் வகை முறையைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு நடுவுக்கு வந்துவிடும். பிறகு நடு ஸ்பீக்கரை மூன்று டெசிபல் கூட்டி, பின்புறம் இரண்டையும் நன்றாகக் குறைத்து, சப்வூஃபரையும் அடக்கிப் பாருங்கள். ஒருநாள் அத்தையை அதில் கேட்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை மருமகள்

எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று.

எங்கள் டிவியில் இயக்குவதும் அணைப்பதும் ஒரே தேர்வாக இருக்கின்றன, பிரிக்க முடியவில்லை. ரிசீவரிலும் இல்லை. ஆகவே ரங்கன் ஐயாவின் சுவர் ஸ்விட்ச்தான் ஜெயித்தது. அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். அது மகனுடைய ஸ்விட்ச் என்று பேச்சு. படம் முடிந்தும் அணைக்கவில்லையென்றால் மறுநாள் கிரிக்கெட் கிடையாது என்பது அத்தை போட்ட சட்டம், அதற்குப் பிறகு அவன் மறந்ததே இல்லை. தொடங்கும் வால்யூமும் உச்ச அளவும் அமைத்துவிட்டோம்.

வியாழக்கிழமை ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது. இரண்டு மூச்சு விடும் நேரம் ஊமை, பிறகு டிவியே பேச ஆரம்பித்தது. மின்சாரம் திரும்பியபோது ரிசீவர் தானாக விழிக்கவில்லை. நல்லதுதான்.

தஞ்சைத் தட்டு அவர்களே, உங்கள் நடு ஸ்பீக்கர் யோசனையையும் அத்தையிடம் வைத்தேன். செய்திக்கு ஒப்புக்கொண்டார், வாசிப்பவர் சொல்வது முழுக்கப் புரிகிறதாம். தொடருக்கு வேண்டாம் என்றுவிட்டார். "வில்லி மூச்சு விடுவதெல்லாம் கேட்கிறது, யாருக்கு வேண்டும்?"

ஒரே ஒரு குறை. ரிசீவரில் கேட்கும்போது உதடு அசைவதும் பேச்சும் கொஞ்சம் விலகி வருவதாக மகன் சொல்கிறான். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

ஈயப்பற்று

மகனுக்குக் காது கூர்மை. முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்தியிலிருந்து மொழிமாற்றிய தொடரை வைத்துச் சோதிக்காதீர்கள், அதில் உதடும் பேச்சும் பிறந்ததிலிருந்தே சேர்ந்ததில்லை. நேரலையில் செய்தி வாசிப்பவரை வைத்துப் பாருங்கள்.

பேச்சு முந்தி வருகிறதா, பிந்தி வருகிறதா என்பதுதான் கேள்வி. முந்தி வருவது உடனே உறுத்தும். இடி மின்னலுக்குப் பின் வந்து பழகிய காது நம்முடையது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில், ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்துவதை 125 மில்லிநொடி ஆன பிறகுதான் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் இருக்கிறது. முந்தினால் ரிசீவரில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' என்ற அமைப்பில் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள், சேர்ந்துவிடும்.

பிந்தினால் அந்த அமைப்பு உதவாது, பூஜ்யத்திலேயே விடுங்கள். அப்போது டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் 'ஆட்டோ' என்று இருந்தால் 'பாஸ் த்ரூ' (வந்த சத்தத்தை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) என்றோ பி.சி.எம். என்றோ மாற்றிப் பார்க்க வேண்டும். பி.சி.எம். வைத்தால் இரண்டு சேனல்தான் வரும் என்பதால் முதலில் பாஸ் த்ரூ. எது நடந்தது என்று எழுதுங்கள். டிவி, ரிசீவர் இரண்டின் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால் மெனுவில் எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்கிறேன்.